"நீ எங்க இருந்த?"

நேத்து சாயங்காலம் பாப்பா நெத்தியில ஒரு புடைப்பு. பெருசா ஒண்ணும் இல்ல, கோலிகுண்டு அளவு. ஓடி வந்தா, சோபாவுக்கு ஒரு அடி முன்னாடி அவ காலே அவ காலைத் தட்டி விட்டுச்சு, நேரா போயி சோபா கைப்பிடியில டங்குனு. அழுதா. ஒரு அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் சோபாவுக்கு அடியில உருண்டு போன பந்து ஞாபகம் வந்து, மூக்கு ஒழுகிட்டே குப்புறப் படுத்து அதை எடுக்க ஆரம்பிச்சிட்டா. அவளுக்கு மேட்டர் அதோட முடிஞ்சது.

எனக்கு முடியல. ராத்திரி படுக்கப் போறதுக்குள்ள நாலு பேர் அந்தப் புடைப்பைப் பாத்தாங்க, ரெண்டு பேர் நேர்ல, ரெண்டு பேர் வீடியோ கால்ல. நாலு பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே கேள்வி. "நீ எங்க இருந்த?"

எங்க இருந்தேனா? கை நீட்டினா தொடுற தூரத்துல இருந்தேன். கண்ணால பாத்துட்டேதான் இருந்தேன். இன்னும் சொல்லணும்னா அவ இடிச்சுக்கிட்டது அவ அப்பா உக்காந்திருந்த சோபாலதான், அவர் கைப் பக்கத்துல இருந்த கைப்பிடிலதான். அவர்கிட்ட யாராவது கேட்டாங்களா நீ எங்க இருந்தன்னு? கேக்கல. கேக்கவும் மாட்டாங்க. அவரு பாவம் ஆபீஸ் முடிச்சிட்டு வந்து உக்காந்திருக்காரு.

ரொம்ப நாளா மனசுல இருக்குறதை இன்னைக்கு எழுதிடலாம்னு தோணுச்சு, பாப்பா தூங்குறா, எவ்ளோ நேரம் கிடைக்கும்னு தெரியாது அதனால முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

இதே ஆளுங்கதான் ஆறு மாசத்துக்கு முன்னாடி "இன்னும் நடக்கலையா? ஒரு வயசாயிடுச்சே? டாக்டர்கிட்ட காட்டினியா?"ன்னு என்னைத் தூங்க விடாம பண்ணினவங்க. பாப்பா 14 மாசத்துலதான் நடந்தா. அதுக்குள்ள நான் ராத்திரி மூணு மணிக்குப் பால் குடுத்துட்டே போன்ல படிக்காத பக்கம் இல்ல. உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைங்களைப் பாத்து 2006ல ஒரு கணக்கு வெளியிட்டிருக்கு, தனியா நடக்க ஆரம்பிக்கிறதுக்கு 8 மாசத்துல இருந்து 17 மாசம் தாண்டிக் கூட ஆகலாம்னு. ஒன்பது மாசத்துக்கு மேல வித்தியாசம்! அதுக்குள்ள எங்க நடந்தாலும் நார்மல்தான். இதை நான் ஒரு பத்து பேருக்காவது விளக்கிச் சொல்லியிருப்பேன், பத்து பேரும் "அதெல்லாம் சரி, ஆனா எங்க பையன் பத்து மாசத்துலயே ஓடினான்"னு முடிச்சாங்க.

நடக்க வைக்கிறேன்னு ஒருத்தர் அன்பா ஒரு வாக்கர் வேற வாங்கிட்டு வந்தாரு, அந்தச் சக்கரம் வச்சது, நடுவுல குழந்தையை உக்கார வைக்கிறது. அதை நான் அட்டைப்பெட்டியில இருந்து வெளியவே எடுக்கலன்னு இன்னும் வருத்தம் அவருக்கு. என்ன செய்ய, அது நடக்கக் கத்துக் குடுக்காது, சில குழந்தைங்களுக்கு நடையைத் தள்ளிக்கூட போடும்னு குழந்தை டாக்டர்களே சொல்றாங்க, படியில உருண்டு அடிபட்ட குழந்தைங்களைப் பாத்துப் பாத்து கனடால 2004லயே அதை விக்கவே கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. இதைச் சொன்னா "நாங்கல்லாம் அதுல வளந்தவங்கதான்". சரிங்க.

ஆக, நடக்கலன்னாலும் என் தப்பு. நடந்து விழுந்தாலும் என் தப்பு.

இந்த விழுறதைப் பத்தி ஒரு ஆராய்ச்சி இருக்கு, 2012ல வந்தது, படிச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு, நிம்மதியில. 12ல இருந்து 19 மாசக் குழந்தைங்களை அவங்க பாட்டுக்கு விளையாட விட்டு வீடியோ எடுத்து ஒவ்வொரு அடியா எண்ணியிருக்காங்க. சராசரியா ஒரு மணி நேரத்துக்கு 2,368 அடி வைக்கிறாங்களாம். 17 தடவை விழுறாங்களாம். ஒரு நாளைக்கு இல்லங்க, ஒரு மணி நேரத்துக்கு. அதுவும் அம்மா பக்கத்துல இல்லாம இல்ல, அம்மா அங்கயேதான் இருந்திருப்பா.

பாப்பாவுக்கு இப்ப 19 மாசம். ஒரு நாள் மத்தியானம் சரி நாமளும் எண்ணுவோம்னு போன்ல குறிச்சேன். ஒரு மணி நேரத்துல 13. முதல் விழுகை, அப்பாவோட ஒத்தைச் செருப்பைக் கையில தூக்கிட்டு நடந்தா, செருப்பு மூஞ்சியை மறைக்குது, கதவு நிலையில முட்டி பொத்துனு உக்காந்தா. ரெண்டாவது, தரையில ஒரு முடி கிடந்தது, என் முடி, குழந்தை பொறந்ததுல இருந்து வீடெல்லாம் என் முடிதான், அதை எடுக்கக் குந்தி உக்காந்து, ரெண்டு விரலால கிள்ளிக் கிள்ளி எடுக்கப் பாக்குறா, எடுக்க எடுக்க வரல, தலை மெதுவா முன்னாடி போகுது, போகுது, நான் பாத்துட்டே இருக்கேன், அப்படியே தலை தரையில போயி நின்னுடுச்சு, பின்பக்கம் மேல தூக்கிட்டு. அந்தப் போஸ்லயும் முடியை விடல. இதை விழுந்ததுன்னு எண்ணுறதா வேணாமான்னு எனக்கே சந்தேகம், எண்ணிட்டேன்.

தலைதான் காரணம். பொறக்கும்போது உடம்பு நீளத்துல நாலுல ஒரு பங்கு தலையாம், நமக்கு ஏழு எட்டுல ஒரு பங்குதான். இவ வயசுல அது இன்னும் பெருசாதான் இருக்கு. நம்ம தோளு மேல ஒரு குடத்தை வச்சுக் கட்டி விட்டு ஓடுன்னா நம்மளும்தான் விழுவோம்.

13ல அழுதது ஒண்ணே ஒண்ணுக்குத்தான். அதுவும் விழுந்ததுக்கு இல்ல, விழுந்தப்ப கையில இருந்த பென்சிலை நான் வாங்கிட்டேன்னு.

இன்னொண்ணு கவனிச்சேன். விழுந்த உடனே அவ அழமாட்டா. முதல்ல என் மூஞ்சியைப் பாப்பா. ஒரு செகண்ட் இருக்கும். கீழ் உதடு லேசா பிதுங்கி ரெடியா நிக்கும், அழலாமா வேணாமான்னு என்கிட்ட கேக்குற மாதிரி. நான் "ஐயோ"ன்னா அழுகை. நான் சும்மா "பொத்தா?"ன்னு கேட்டா அவளும் "பொத்"னு சொல்லிட்டு எந்திரிச்சு போயிடுவா. இதையும் 1985லயே சோதிச்சுப் பாத்திருக்காங்க, மேல கண்ணாடி போட்டு கீழ பள்ளம் மாதிரி தெரியுற ஒரு மேஜை, ஒரு வயசுக் குழந்தை இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம். சிரிச்ச முகத்தைப் பாத்த 19 குழந்தைங்கள்ல 14 பேர் தாண்டி வந்துட்டாங்க. பயந்த முகத்தைப் பாத்த 17 பேர்ல ஒருத்தர் கூட வரல. அந்த 17 குழந்தைங்களும் பள்ளத்தைப் பாத்தா நின்னாங்க? அம்மா மூஞ்சியைப் பாத்துல்ல நின்னாங்க.

அதனாலதான் நாலு பேர் இருக்குற இடத்துல பாப்பா அதிகமா அழுவா. ஏன்னா அங்க விழுந்தா நாலு மூஞ்சி "ஐயய்யோ"ங்குது, அதுல ஒரு மூஞ்சி என்னுது. அத்தை உடனே தரையை ரெண்டு போடு போட்டு "தரைதான் கெட்டது"ன்னு வேற சொல்லுவாங்க. பாவம் தரை, அது அங்கயேதான் இருந்தது. (என்னை மாதிரியே.)

இப்ப ஒரு விஷயம் சொல்லணும், சொல்ல வெக்கமாதான் இருக்கு.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு விசேஷம், வீடு பூரா சொந்தக்காரங்க. தனியா இருக்கும்போது நான் அவளை விட்டுடுவேன், விழுவா எந்திரிப்பா. ஆனா ஆளுங்க முன்னாடி நான் வேற அம்மா. பின்னாடியே குனிஞ்சுட்டே ஓடுறது, கையை விடாம பிடிச்சுக்கிறது, எல்லாம் அந்தக் கேள்வி வந்துடக் கூடாதேன்னுதான். அன்னைக்கும் அவ மணிக்கட்டைப் பிடிச்சுட்டு நின்னேன். அவ யாரையோ பாத்து ஓடப் பாத்தா, கால் வழுக்குச்சு, நான் அனிச்சையா அப்படியே வெடுக்குனு மேல தூக்கிட்டேன். விழல. "பாத்தியா, எப்படிப் பிடிச்சா"ன்னு ஒரு பெரியம்மா பாராட்டுனாங்க கூட.

அப்புறம் பாத்தா அந்தக் கையைத் தூக்கவே மாட்டேங்குறா. வீக்கம் இல்ல ஒண்ணும் இல்ல, கை லேசா மடங்கின மாதிரி உடம்போட ஒட்டித் தொங்குது, பொம்மையைக் குடுத்தா அடுத்த கையால வாங்குறா. தொட்டா கத்துறா. எனக்கு உயிரே இல்ல.

டாக்டர் பாத்ததும் "கையைப் பிடிச்சு இழுத்தீங்களா?"ன்னு கேட்டாரு. முழங்கையில ஒரு எலும்பைச் சுத்தி வளையம் மாதிரி ஒரு தசைநார் இருக்காம், இந்த வயசுல அது தளர்வா இருக்குமாம், மணிக்கட்டைப் பிடிச்சு வெடுக்குனு இழுத்தா நழுவிடுமாம். அஞ்சு வயசு வாக்குல இறுகிடும், அதுவரைக்கும் கைய பிடிச்சுத் தூக்காதீங்க சுத்தாதீங்க, அக்குள்ல கை குடுத்துத் தூக்குங்கன்னாரு. பேசிட்டே கையை ஒரு திருப்பு திருப்பி மடக்கினாரு, ஒரு சின்ன க்ளிக், பாப்பா வீல்னு ஒரே ஒரு கத்து. பத்து நிமிஷத்துல அதே கையால அவர் டேபிள் மேல இருந்த பேனாவைப் பிடுங்கிட்டா. ரொம்ப சாதாரணமா நடக்குறதுதான்மா, அழாதீங்கன்னு சொன்னாரு.

நல்லா யோசிச்சுப் பாத்தேன் அப்புறம். இந்த 19 மாசத்துல அவ விழுந்தது ஆயிரக்கணக்குல இருக்கும். அடிபட்டு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினது ஒரே தடவை. அது விழுந்ததுக்கு இல்ல, விழாம நான் பிடிச்சதுக்கு. அதுவும் அவளுக்கு வலிக்கும்னா பிடிச்சேன்? பெரியம்மா பாக்குறாங்களேன்னு பிடிச்சேன்.

உடனே கமெண்ட்ல "அப்ப குழந்தையை அப்படியே விட்டுடணுமா"ன்னு வருவீங்க. இல்லங்க. மாடிப்படிக்குக் கேட் போட்டிருக்கேன். ஜன்னல் பக்கத்துல ஏறி நிக்கிற மாதிரி ஒரு ஸ்டூல் கூட கிடையாது. பாத்ரூம்ல பக்கெட்டை எப்பவும் காலி பண்ணிக் கவுத்துத்தான் வைப்பேன், அந்தப் பெரிய தலை உள்ள போயிட்டா அவளால தூக்க முடியாது, கொஞ்சூண்டு தண்ணி போதும், சத்தமே வராது. பட்டன் பேட்டரி போட்ட ரிமோட், பாட்டுப் பாடுற பொம்மை எல்லாத்துக்கும் ஸ்க்ரூ வச்ச மூடி இருக்கான்னு பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள விடுவேன், முழுங்கிட்டா ரெண்டே மணி நேரத்துல உணவுக்குழாயை அரிச்சிடும். சூடு இருக்குற எதுவும் மேடையோட உள்பக்கம்தான். தலையில பலமா அடிபட்டா வாந்தி திரும்பத் திரும்ப வருதா, எழுப்பினா எழுந்திரிக்காத மாதிரி தூங்குறாளா, மயக்கம், வலிப்பு, காதுல மூக்குல ரத்தமோ தண்ணியோ வருதா, இதுல ஒண்ணு இருந்தாலும் அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரி, இது எனக்கு மனப்பாடம். நேத்தைய புடைப்புக்கும் துணி சுத்தின ஐஸ் வச்சேன், ராத்திரி ரெண்டு தடவை எழுந்து பாத்தேன்.

என் கவலை பூரா அந்த மாதிரி இடத்துல இருக்கு. யாரும் அதைப் பத்தி என்கிட்ட கேட்டதே இல்ல. பக்கெட் கவுத்து வச்சியான்னு ஒருத்தரும் கேக்கல. கண்ணுக்குத் தெரியுற புடைப்பு மட்டும்தான் எல்லாருக்கும் தெரியுது, நடக்காம போனது யார் கண்ணுக்கும் படாதுல்ல.

போன ஞாயித்துக்கிழமை ஒரு காரியம் பண்ணேன். பாப்பாவை அவர்கிட்ட விட்டுட்டு முடி வெட்டிக்கப் போனேன், பொறந்ததுல இருந்து முதல் தடவையா தனியா. போறதுக்கு முன்னாடி அந்த ஆராய்ச்சிக் கணக்கைச் சொல்லி, "நீங்களும் எண்ணுங்க, ஒவ்வொண்ணா மெசேஜ் போடுங்க"ன்னேன். சிரிச்சாரு. "நான் இருக்கும்போது விழமாட்டா"ன்னாரு.

நாற்காலியில உக்காந்து துணி போத்தினாங்க, போன் அதிர்ந்தது. "1". கொஞ்ச நேரத்துல "2, ஆனா கார்பெட் மேல". அப்புறம் "3". அப்புறம் "4 5" ஒண்ணா வந்தது. எட்டுக்கு அப்புறம் ஒரு ஏழு நிமிஷம் ஒண்ணும் வரல, எனக்குத்தான் இருப்பு கொள்ளல. அப்புறம் வரிசையா வந்தது.

"9"

"10"

"அம்மா வந்து நான் எங்க இருந்தேன்னு கேக்குறாங்க. இங்கதானே இருக்கேன்"

"11. இல்ல இல்ல, அது உக்காந்தது"