‘ரீரைட்டபிள்’னு மட்டும் சொல்லாதீங்க அண்ணாச்சி, சிப் பேரைச் சொல்லுங்க

ப்ராஜெக்ட் சீசன் வந்தாப் போதும். களியக்காவிளையிலிருந்தும் குளச்சலிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி நாகர்கோவில் வந்து, எலக்ட்ரானிக்ஸ் கடையில "ரீரைட்டபிள் ஆர்எஃப்ஐடி கார்டு பத்து தாங்க"ன்னு கேக்குறாங்க, அதாவது ரீடர் பக்கத்துல காட்டுனா ரேடியோ அலையில வாசிக்கிற, திருப்பி எழுத முடியுற அட்டை. கடைக்காரங்க டப்பாவிலிருந்து பத்து வெள்ளை அட்டையை எண்ணிக் குடுக்குறாங்க. உள்ள என்ன சிப்புன்னு கேட்டா, "எல்லாம் ஒண்ணுதான் தம்பி". எப்படிங்க ஒண்ணாகும்? வீட்டுக்குப் போய் ஆர்சி522 ரீடர் மேல வெச்சா அட்டை அசையவே மாட்டேங்குது. ரீடர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அதே பிள்ளை அடுத்த வாரம் இன்னொரு ரீடர் வாங்க வருது. ரீடர்ல ஒரு குறையும் இல்ல. குடுத்த அட்டை 125 கிலோஹெர்ட்ஸ். ஆர்சி522 பேசுறது 13.56 மெகாஹெர்ட்ஸ். ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கவே பாக்காது.

அதைவிட வயித்தெரிச்சல், அந்த 125 கிலோஹெர்ட்ஸ் அட்டையில முக்கால்வாசி டிகே4100. தொழிற்சாலையில ஏத்துன 64 பிட்டோட அதன் கதை முடிஞ்சுது. அதுல எழுதுறதுக்குக் கட்டளையே கிடையாது. அதை எப்படி ‘ரீரைட்டபிள்’னு வாய்கூசாம விக்குறாங்க? அந்த அலைவரிசையில திருப்பி எழுதணும்னா டி5577 வேணும், இல்ல இஎம்4305 வேணும். அதோட முடியல: கூடவே விக்கிற ஆர்டிஎம்6300 ரீடர் வாசிக்க மட்டும்தான், எழுதாது. எழுதுறதுக்குத் தனிக் கருவி வாங்கணும். நீல நிறத்துல கைப்பிடி வெச்சு வர்ற, அட்டையை நகல் எடுக்குற மலிவு மெஷின்ல சிலது, எழுதுற சாக்குல டி5577-க்குள்ள ஒரு பாஸ்வேர்டையும் போட்டுவிட்டுரும். அப்புறம் வேற எந்தக் கருவியில வெச்சாலும் எழுதாது. இதை விக்கும்போது யாராவது சொல்றாங்களா?

கடையிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கு. மெல்லிசு வெள்ளை அட்டைக்குப் பின்னால போன் டார்ச்சை அழுத்திப் பிடிங்க. நடுவுல தாமிரக் கம்பி நெருக்கமா வட்டமாச் சுத்தியிருந்தா அது பெரும்பாலும் 125. ஓரத்தை ஒட்டி நாலைஞ்சு சுத்துக் கம்பி செவ்வகமாப் போயிருந்தா 13.56. மேல பத்து இலக்க எண்ணும் பக்கத்துல கமா போட்ட இன்னொரு எண்ணும் அச்சடிச்சிருந்தா, வாசிக்க மட்டும் உள்ளதுன்னே வெச்சுக்கிடுங்க. என்எஃப்சி உள்ள போன் இருந்தா இன்னும் நல்லது. சிப் விவரம் காட்டுற ஆப்ல எஸ்ஏகே, அதாவது சிப் வகையைச் சொல்ற எண், 08-ன்னு வந்தா மைஃபேர் கிளாசிக் 1கே, அதாவது எஸ்50. 00-ன்னு வந்தா அல்ட்ராலைட் அல்லது என்டேக் குடும்பம். அரை நிமிஷ வேலை. இதுக்கு ஒரு கடையில மனசு வரல!

சரி, எஸ்50 அட்டையே கையில கிடைச்சுதுன்னு வெப்போம். அடுத்த கொடுமை புரோகிராம் கோட்ல. யாரோ எழுதுன கோடை அப்படியே கைமாத்திக்கிட்டே இருக்காங்க: பிளாக் 1-லிருந்து 63 வரைக்கும் ஒரே லூப், எல்லாத்துலயும் பூஜ்யம் எழுதி அட்டையைச் ‘சுத்தம்’ பண்ணுதாம். அது அட்டையைக் கொல்லுது! 16 செக்டர், செக்டருக்கு நாலு பிளாக், பிளாக்குக்கு 16 பைட். ஒவ்வொரு செக்டர்லயும் கடைசி பிளாக், அதாவது 3, 7, 11ன்னு 63 வரைக்கும், டேட்டாவுக்கு உள்ளதே இல்ல. முதல் 6 பைட் சாவி ஏ, கடைசி 6 பைட் சாவி பி, நடுவுல 3 பைட் அனுமதி பிட்டுகள், ஒரு பைட் உபரி. அந்த அனுமதி பிட்டுகள் நேராவும், 0-க்கு 1, 1-க்கு 0ன்னு தலைகீழாவும் ரெண்டு தடவை பதிஞ்சிருக்கும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா சிப் அந்த செக்டரை நிரந்தரமாப் பூட்டிரும். 16 பைட்டும் பூஜ்யம்னா எப்படி ஒத்துப்போகும்? அப்புறம் தொழிற்சாலையில வெச்ச, பன்னிரண்டு எஃப் உள்ள பழைய சாவியைப் போட்டாலும் திறக்காது, எதைப் போட்டாலும் திறக்காது. பிளாக் 0-வும் தயாரிப்பாளருக்கு உள்ளது. இதெல்லாம் கழிச்சா 1024-ல மிச்சம் 752 பைட். பழகுறவங்க பிளாக் 4, 5, 6 மூணுலயும் மட்டும் எழுதிப் பழகுங்க. லூப் போட்டே ஆகணும்னா, பிளாக் எண்ணோட ஒண்ணு கூட்டி நாலால வகுத்து, மீதி பூஜ்யம் வந்தா அதைத் தாண்டிப் போற மாதிரி ஒரு வரி சேருங்க. ஒரே ஒரு வரி!

அதே கோடை வட்ட ஸ்டிக்கர்ல ஓட்டிட்டு "எழுதவே மாட்டேங்குது"ன்னு புலம்புறதும் நடக்குது. அந்த ஸ்டிக்கருக்குள்ள உள்ள என்டேக்213 சிப்ல செக்டரும் இல்ல, அந்தச் சாவியும் இல்ல, பக்கம் பக்கமாத்தான் இருக்கும். பக்கத்துக்கு 4 பைட், நமக்கு உள்ளது பக்கம் 4-லிருந்து 39 வரை, மொத்தம் 144 பைட். பக்கம் 2-ல கை வெச்சா பூட்டு பிட் விழுந்துரும், ஒரு தடவை விழுந்தா எழும்பாது. போன் ஆப்ல ‘லாக்’ பட்டனைத் தட்டுனாலும் அதே கதிதான்.

ஆர்சி522 பலகையில பின்னைச் சாலிடர் பண்ணாம, தனியா ஒரு கவர்ல போட்டுத் தர்றாங்க. பிள்ளைகள் பின்னை ஓட்டையில சொருகி, சாய்ச்சு வெச்சு ஓட்டுறாங்க. ஒரு தடவை வாசிக்கும், ஒன்பது தடவை வாசிக்காது. கடலோரக் காத்துல நாலு மாசம் கிடந்தா பின் பச்சை பூத்துரும், அப்புறம் அதுவும் இல்ல. சாலிடர் பண்ணுங்க. மின்சாரம் 3.3 வோல்ட்தான், 5 வோல்ட் குடுத்தா சிப் போயிரும். கோட்ல சேர்க்குற ஆர்சி522 லைப்ரரி காட்டுற சிப் வெர்ஷன் 91 அல்லது 92-ன்னா நல்லது. 00 அல்லது எஃப்எஃப்னா வயரைப் பாருங்க, அட்டையைத் திட்டாதீங்க. ஒரு அட்டை வாசிச்சு அடுத்தது வாசிக்கலைன்னா, கோடின் முடிவுல கிரிப்டோவை, அதாவது முதல் அட்டையோட சாவி போட்டுப் பேசுறதை, நிறுத்துற வரி விட்டுப்போயிருக்கும்.

இரும்பு கேட்டுல சாதா ஸ்டிக்கரை ஒட்டிட்டு டேக் போலின்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. உலோகம் அந்த அலையை விழுங்கிரும். ஃபெரைட் படலம் ஒட்டுன, உலோகத்துக்குன்னே உள்ள டேக் தனியா இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க. மார்த்தாண்டம் பக்கம் மரத் தேன்பெட்டிக்கு எண் போடுறவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல. ஆனா பேப்பர் ஸ்டிக்கர் வேண்டாம். இங்க ரெண்டு பருவமும் மழை கொட்டும், ஊறிப்போகும். பிளாஸ்டிக்கில் அடைச்ச வில்லை வாங்குங்க.

கடை வெச்சிருக்கிறவங்ககிட்ட கேக்குறது பெரிசா ஒண்ணும் இல்ல. ஒரு மார்க்கர் பேனா எடுத்து டப்பா மேல எழுதுங்க: டிகே4100, 125, எழுத முடியாது. டி5577, 125, எழுதலாம். எஸ்50, 13.56, எழுதலாம். அட்டை விலையைவிடப் பஸ் காசு கூடுதலாக் குடுத்து வர்ற பிள்ளைகள் அது.