படம் எடுத்த நாள் எது?

என் பெரியப்பாவின் இதயம் நின்று, மறுபடி துடிக்கத் தொடங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த சிடி ஸ்கேனில் மூளை இயல்பாக இருப்பதாகச் சொன்னார்கள். அன்று இரவுதான் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம். ஐந்தாம் நாள் எடுத்த எம்ஆர்ஐயிலோ மூளையின் வெளியடுக்கான புறணி நெடுகச் சேதம் தெரிந்தது. முதல் படத்தைக் குறை சொல்ல மாட்டேன்; அந்த வேளையில் அதில் தெரிவதற்கு எதுவும் உருவாகியிருக்கவில்லை. (பெரியப்பாவுக்கு நேர்ந்ததை மாரடைப்பு என்று எழுதுவது தவறு. மாரடைப்பு என்பது இதயத்தின் ரத்தக்குழாய் அடைபடுவது. இது இதயமே நின்றுபோவது.)

ரத்தம் நின்றதும் நரம்பணுக்களிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் பம்புகள் ஆற்றலின்றி ஓய்ந்துவிட, சோடியத்தைத் தொடர்ந்து நீரும் உள்ளே புகுந்து அணுக்கள் வீங்குகின்றன. உள்ளே சிக்கிய நீரால் தாராளமாக நகர முடியாததால், நீரின் நகர்வை அளக்கும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐயில் அந்த இடங்கள் வெள்ளையாகத் தெரிகின்றன. சிடியில் அதே வீக்கம், சாம்பல்நிறப் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் இடையிலான வேறுபாடு மங்குவதாகத் தெரியும். ஆனால் ஏறத்தாழ ஒரு வாரம் கடந்தால், அணுக்கள் அழிந்திருந்தாலும் டிஃப்யூஷன் அளவுகள் இயல்பானவை போலத் தோன்றக்கூடும். அதனால்தான் எம்ஆர்ஐக்கு 2 முதல் 7 நாள் வரை என்று காலம் வகுத்திருக்கிறார்கள்.

2021இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல், படத்தை மட்டும் வைத்து முடிவுசொல்ல இடம் தரவில்லை. மயக்க மருந்தின் தாக்கம் நீங்கி, 72 மணி நேரம் கடந்த பிறகும் நினைவு திரும்பாதவரிடம், கண்மணி, கருவிழி இரண்டின் அனிச்சைகள் (ஒளிக்கும் தொடுதலுக்கும் தானாகக் காட்டும் எதிர்வினை), மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி, கை நரம்பைத் தூண்டி மூளையில் பதிவாகும் அலை, நரம்பணுக்கள் சிதைந்தால் ரத்தத்தில் கூடும் என்எஸ்இ புரதத்தின் அளவு, தொடர்ந்த தசைத்துடிப்பு, ஸ்கேன் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு மோசமாக இருந்தால்தான் மீட்சி அரிது என்று கருதச் சொல்கிறது.

எனக்கு இதில் பெரிய கவலை ஒன்று உண்டு. ஸ்கேன் மோசம் என்று கேட்டதும் வென்டிலேட்டரை விலக்கிவிட்டால் நோயாளி பெரும்பாலும் இறந்துவிடுவார். அந்த இறப்பே ஸ்கேன் சரியாகக் கணித்ததற்குச் சான்றாகக் கணக்கில் ஏறிவிடும். சிகிச்சையை விலக்குவது அரிதாக இருந்த சூழலில் கொரியாவிலும் இத்தாலியிலும் நடந்த ஆய்வுகளை நான் கூடுதலாக மதிப்பது இதனால்தான். நம் ஊரில் டாக்டர் விலக்கச் சொல்லாவிட்டாலும், ஐசியூ பில் கட்ட வழியில்லாமல் "வீட்டுக்கே கொண்டுபோய்விடுகிறோம்" என்று உறவினர் கையெழுத்திடுவது உண்டு. அங்கும் அதே பிழைதான் நேர்கிறது. இன்னொன்றைப் பலரும் எடுத்துச் சொல்வதில்லை: உரிய நாட்களில் எடுத்த டிஃப்யூஷன் படத்தில் சேதம் தென்படாவிட்டால், அது நம்பிக்கைக்குரிய அறிகுறி.

பெரியப்பாவுக்கு எம்ஆர்ஐ, இஇஜி, கண்மணிகள் மூன்றும் ஒன்றையே காட்டிய பிறகுதான், சிகிச்சையை விலக்கச் சம்மதித்துப் பெரியம்மா கையெழுத்திட்டார். படத்தை மட்டும் காட்டிக் கேட்டிருந்தால், நான் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி வைத்திருப்பேன்.