கிளிப்பூவும் காங்கோ காக்கட்டூவும் ஒன்றல்ல

வீட்டுத் தொட்டியில் வளர்ந்த, சிவப்பும் மஞ்சளுமாகக் கொக்கி போல் வளைந்த பூக்களைக் கொண்ட காசித்தும்பை இனச் செடியொன்றின் படம், தாய்லாந்தின் அரிய கிளிப்பூ என்ற குறிப்போடு பகிரப்பட்டு வருகிறது. செடி அழகானது, வளர்த்தவரின் உழைப்பும் பாராட்டுக்குரியது. ஆனால் அது கிளிப்பூ அன்று. அது காங்கோ காக்கட்டூ எனப்படும் இம்பேஷன்ஸ் நியாம்நியாமென்சிஸ் என்ற வெப்பமண்டல ஆப்பிரிக்கச் செடி. தண்டுத் துண்டிலிருந்தே எளிதில் வேர்விடுவதால் பலர் அதை வீட்டிலேயே வளர்க்கிறார்கள்.

கிளிப்பூ என்பது இம்பேஷன்ஸ் சிட்டாசினா. மியான்மரின் ஷான் பகுதியிலிருந்து லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திற்குச் சென்ற விதைகளில் வளர்ந்த செடியைக் கொண்டு, ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1901-இல் அதை விவரித்து வெளியிட்டார். வடக்குத் தாய்லாந்திலும் மணிப்பூரிலும்கூட அது காணப்படுகிறது.

இதைச் சரிபார்க்கத் தாவரவியல் பட்டம் தேவையில்லை. ஆப்பிரிக்கச் செடியின் பூக்கள், இலை உதிர்ந்த தடித்த தண்டிலிருந்தே நேராகக் கிளம்பும். கிளிப்பூவோ மெல்லிய காம்பில் தொங்கியபடி, பக்கவாட்டில் பார்க்கும்போது பறக்கும் கிளியைப் போல், இளம் ஊதாவும் செந்நிறமும் கலந்து தோன்றும். கியூ தோட்டத்தின் இணையத் தாவரப் பட்டியலில் இவ்விரு அறிவியல் பெயர்களையும் தனித்தனியே தேடினால், அவை வெவ்வேறு இனங்கள் என்பதையும் அவற்றின் தாயகங்களையும் எவரும் இலவசமாகக் காணலாம். செடி வாங்க விரும்புவோர், பொதுப்பெயரை மட்டும் நம்பாமல் அறிவியல் பெயரைக் கேட்டு வாங்குமாறு வேண்டுகிறேன்.