எல்சேயில் இருப்பது வெறும் மரம் இல்லை

பேரீச்சை மரங்களுக்குப் பேர்போன ஸ்பெயின் ஊர் ஒன்றுக்குப் போன தமிழ்ப் பயணக் காணொளிக்காரர் ஒருவர், அந்த ஊரைக் கிண்டலடித்துப் போட்ட காணொளியைத்தான் சொல்கிறேன். மூன்று நாளாக எல்லோர் பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. "நீ போய்விட்டு வந்து உருகி உருகி எழுதிய ஊர்தானே இது" என்று எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். ஆமாம், அந்த ஊர்தான். ஸ்பெயினில் அலிகாந்தே பக்கத்தில் இருக்கும் எல்சே.

ஊர் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொல்வதில் எனக்கு வருத்தம் கிடையாது. கேமராவைப் பார்த்து "இங்க பார்க்க என்ன இருக்கு, வெறும் மரம்" என்றாரே, அதைக்கூட விட்டிருப்பேன். அடுத்து, பேரீச்சை மரத்தின் உச்சியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்த ஒருவரைக் காட்டி, "எங்க ஊர்ல பீடியை வாயில வெச்சுக்கிட்டே ஏறுவான், இதுக்கா டிக்கெட் போட்டு வந்தோம்" என்று சிரித்தார். கூட வந்தவரும் சிரித்தார். கீழே கருத்துப் போட்டவர்களும் சிரித்தார்கள், அதில் என் நண்பர்கள் சிலரும் உண்டு. அந்த இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அது வெறும் மரம் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஊரில் வருடத்துக்கு 300 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாது. பக்கத்தில் ஓடும் வினலோப்போ ஆற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் என்ன விளையும்? ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கே வாழ்ந்த அரபு மக்கள் கண்ட பதில்தான் பேரீச்சை. உப்பைத் தாங்கும், வெயிலைத் தாங்கும். ஆற்றிலிருந்து பெரிய வாய்க்கால் வெட்டி, அதிலிருந்து கிளை பிரித்து, நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பங்கிட்டு, வரப்போரம் முழுக்கப் பேரீச்சையை வரிசையாக நட்டார்கள். அந்த நிழலில் மாதுளை, அதற்கும் கீழே கால்நடைத் தீவனம். மேலே ஒரு விளைச்சல், நடுவில் ஒன்று, தரையில் ஒன்று. அந்தத் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். நம் கண்ணுக்குத் தோப்பாகத் தெரிவது உண்மையில் வயல். மரங்கள் அதன் வேலி, நிழல், வருமானம் எல்லாம்.

13ஆம் நூற்றாண்டில் ஊர் கிறிஸ்தவ அரசர்கள் கைக்குப் போனது. 1609இல் தொடங்கி, அந்த முஸ்லிம்களின் வம்சத்தில் வந்தவர்களை ஸ்பெயினை விட்டே விரட்டினார்கள். நட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஊரில் இடமில்லாமல் போயிற்று, வாய்க்கால் மட்டும் ஓடியது. இன்றைக்கு அங்கே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். ஐரோப்பாவில் இதுபோல வேறு இடம் இல்லை. 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது இந்த வாய்க்காலுக்கும் பாத்திக்கும் சேர்த்துத்தான். கோட்டையும் கோபுரமும் இருந்தால்தான் வரலாறு என்று நினைப்பவர்களுக்கு வாய்க்கால் கண்ணில் படாது.

"அவர் காசு, அவர் பயணம், அவர் கருத்து, உனக்கென்ன?" என்று கேட்பீர்கள். சரி, நியாயமான கேள்விதான். ஆனால் அவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொல்லவில்லை. லட்சக்கணக்கான தமிழர்கள் அந்த ஊரை முதல்முறையாகப் பார்ப்பதே அவர் கண் வழியாக. அப்படி இருக்கும்போது அரை மணி நேரமாவது படித்துவிட்டுப் போகலாம். பேரீச்சையைப் பனை என்று மூன்று இடத்தில் சொல்கிறார். திருத்திக் கருத்து எழுதியவரையும் கிண்டல் செய்கிறார்.

"பார்க்க வேறு ஒன்றும் இல்லையே" என்று இன்னொரு வாதம். 1897இல் அந்த ஊருக்கு வெளியே லா அல்குதியாவில், நிலத்தில் வேலை செய்தவர்கள் மண்ணைத் தோண்டும்போது கிடைத்த பழங்காலக் கல்சிலைதான் 'எல்சேயின் சீமாட்டி'. இரண்டு காதுப்பக்கமும் சக்கரம் போன்ற அணிகலன், மார்பு நிறையச் சங்கிலிகள். கிடைத்த கொஞ்ச நாளிலேயே பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார்கள். 1941இல்தான் ஸ்பெயினுக்குத் திரும்பியது, இப்போது மத்ரித் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தங்கள் ஊருக்குத் தாருங்கள் என்று எல்சேக்காரர்கள் இன்றும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் சாந்தா மரியா தேவாலயத்துக்குள் மரியாளின் விண்ணேற்றத்தைப் பாட்டு நாடகமாக நடத்துகிறார்கள். நூற்றாண்டுகளாக நடக்கிறது. குவிமாடத்தின் உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கோளம் இறங்கி, வரும் வழியில் இதழ் இதழாக விரியும், உள்ளே தேவதை வேடத்தில் ஒரு சிறுவன் பாடிக்கொண்டே வருவான். பார்க்க ஒன்றும் இல்லையாம்.

ஆனால் இதற்காக நான் எழுத வரவில்லை. அந்தக் கயிற்றில் நின்ற ஆளுக்காக எழுதுகிறேன்.

நான் போனது குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய நாள். அலிகாந்தேயிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். எல்சே பார்க்கே நிலையத்தில் இறங்கி வெளியே வந்தாலே மரங்கள்தான். சந்தைக் கடை ஒன்றில் ஒரு மூதாட்டி ஓலை பின்னிக்கொண்டிருந்தார். வெள்ளை ஓலை. மரத்தின் நடுக்குருத்தைச் சேர்த்துக் கட்டி, வெயில் படாமல் மூடிவைப்பார்கள். மாதக்கணக்கில் வெளிச்சமே படாததால் ஓலை பச்சை பிடிக்காமல் தந்தம் போல வளரும். அதை வெட்டி, கழுவி, கீறிப் பின்னுவார்கள். குருத்தோலை ஞாயிறுக்காகப் போப்புக்கும் ஸ்பெயின் அரச குடும்பத்துக்கும் வருடாவருடம் இங்கிருந்துதான் போகிறது. அவர் ஓலையை நகத்தால் இழை இழையாகக் கீறினார், ஈரத்துணியில் விரலைத் தொட்டுக்கொண்டார், மடித்தார், திருப்பினார், இழுத்தார். ஒரு சின்னச் சிலுவையும் அதைச் சுற்றி ரோஜா போன்ற சுருள்களும் உருவாகின. கட்டைவிரலின் ஓரம் வெடித்திருந்தது. எனக்கு ஸ்பானிஷ் நாலு வார்த்தை தெரியும், அதில் ஒன்றும் வாயில் வரவில்லை. என் அம்மாச்சிக்கும் கட்டைவிரலில் அதே இடத்தில் வெடிப்பு இருக்கும். பெட்டி முடைந்த கை.

அந்த ஓலையைக் கட்டுவதற்கும் ஒருவர் ஏற வேண்டும், வெட்டுவதற்கும் ஏற வேண்டும். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நல்ல காய்ப்பு வேண்டுமென்றால் வசந்தத்தில் ஏறி, ஆண் பூவைப் பெண் பாளையில் வைத்துவிட வேண்டும். குலை வெட்ட, காய்ந்த மட்டை கழிக்க, எல்லாவற்றுக்கும் ஏற வேண்டும். அங்கே அவர்களைப் பால்மெரேரோ என்கிறார்கள். இடுப்பையும் மரத்தையும் சேர்த்து ஒரு கயிறு. உடம்பைப் பின்னால் சாய்த்து, கயிற்றை மேலே எறிந்து, ஓர் அடி ஏறி, மறுபடி எறிந்து. அந்த மனிதர்கள் ஏறாவிட்டால் எல்சே என்கிற ஊரே இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். 2005இல் அந்த ஊருக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து சேர்ந்தது. நம் தென்னையைத் தின்கிறதே, அதே வண்டுதான். அதன் பூர்வீகம் நம் பக்கம். வியாபாரத்துக்காகக் கொண்டுபோன மரங்களோடு ஸ்பெயினுக்குப் போனது. புழு உள்ளே குடைந்து தின்னும், வெளியே ஒன்றும் தெரியாது. சில சமயம் தண்டில் காதை வைத்தால் மெல்லும் சத்தம் கேட்கும். குருத்து சாயும்போது மரம் போய்விட்டிருக்கும். உச்சிக்கு ஏறிப் பார்க்கிறவர் கண்ணில்தான் முதலில் படும். அந்தக் காணொளியில் மேலே நின்றவர் மட்டையை விலக்கி விலக்கி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார், கவனித்தீர்களா? சிரிக்கிற அவசரத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

"நகைச்சுவைக்குப் போய் இவ்வளவு கோபமா" என்று எழுதியவருக்கு: என் தாத்தா பனையேறி. உடன்குடிப் பக்கம். காலைப் பிணைக்கத் தளைநார், இடுப்பில் அரிவாள் வைக்கும் அருவாப்பெட்டி, காலையிலும் சாயங்காலமுமாகத் தினம் முப்பது நாற்பது மரம். நெஞ்சில் மரம் உரசி உரசித் தோல் காய்த்துப் போயிருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்ப்பேன், செருப்புத் தோல் மாதிரி இருக்கும். பள்ளியில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் அம்மா "விவசாயம்" என்று சொல்லுவாளாம். பனையேறி மகள் என்றால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அதே சிரிப்பு. நாற்பது, ஐம்பது வருடம் கழித்து, கடல் தாண்டி, வேறு மரத்தில் ஏறிய வேறு மனிதரைப் பார்த்து அதே சிரிப்பு. "எங்க ஊர்ல ஏறுவான்" என்கிறாரே, அந்த 'வான்' யார்?

நம் பனைக்கு நீ என்ன செய்தாய் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. பதநீர் வாங்கிக் குடித்ததோடு சரி. அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்கிற கட்டாயம் எனக்கு இல்லை.

அங்கே அந்த ஏறுகிறவர்களுக்கு அருங்காட்சியகத்தில் இடம் இருக்கிறது. மரங்களைக் காக்கத் தனிச் சட்டம் 1986லேயே வந்துவிட்டது. அங்கேயும் இந்த வேலைக்கு இளம் பையன்கள் வருவது குறைவுதான். இருந்தாலும் கீழே நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

அந்த மூதாட்டியிடம் ஒரு சிலுவை வாங்கி வந்தேன். அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இழையை எண்ணினாள், "நல்ல கை" என்றாள். பிறகு தாத்தா படத்தின் சட்டத்தில் செருகி வைத்தாள். இப்போது அது வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்தக் காணொளியைத் தயவுசெய்து அம்மாவுக்கு யாரும் அனுப்பாதீர்கள்.