எச்சரிக்கை போகிறது, பதில் வருவதில்லை

எண்ணெய், எரிவாயு நிலையங்களில் மீத்தேன் கசிவுக்கு இத்தனை காலம் கணக்கு எழுதிய விதத்தைக் கேட்டால் சிரிப்புதான் வரும். வால்வு எத்தனை, பம்பு எத்தனை என்று எண்ணுவார்கள். ஒவ்வொன்றும் சராசரியாக இவ்வளவு கசியும் என்று கையேட்டில் ஓர் எண் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் ஆண்டறிக்கை தயார். வால்வு இருக்கும் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

கோளாறே அந்தச் சராசரியில்தான். பெரும்பாலான இடங்களில் கசிவு சொற்பம். எங்கோ சில இடங்கள் மட்டும் கொட்டித் தீர்க்கும். தீ அணைந்ததே தெரியாமல் வாயுவை அப்படியே வெளியே விடும் ஃபிளேர் (உபரி வாயுவை எரிக்கும் குழாய்), சரியாக மூடாத தொட்டி மூடி... இவையெல்லாம் எந்தச் சராசரிக்குள் அடங்கும்? அமெரிக்க எண்ணெய், எரிவாயுத் துறையில் நேரடி அளவீடுகளை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்தது. அரசுக் கணக்கைவிடக் கசிவு சுமார் 60 விழுக்காடு அதிகம்!

மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் அகச்சிவப்பு ஒளியில் குறிப்பிட்ட சில அலைநீளங்களை விழுங்கிவிடும். தரையில் பட்டுத் திரும்பும் வெயிலில் அந்த அலைநீளங்கள் மங்கியிருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். 2022இல் விண்வெளி நிலையத்துக்குப் போன நாசாவின் எமிட் கருவி, பாலைவனத் தூசியை ஆராயப் போனதுதான். போகிற போக்கில் துர்க்மெனிஸ்தானில் 12 மீத்தேன் கசிவுகளைக் காட்டிக்கொடுத்தது.

சரி, பார்த்தாயிற்று. அப்புறம்? செயற்கைக்கோள் தரவை வைத்துப் பெரிய கசிவுகளைக் கண்டுபிடித்துச் சொல்லும், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 'மார்ஸ்' அமைப்பு அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் சுமார் 1,200 எச்சரிக்கைகள் அனுப்பியது. 2024 அறிக்கைப்படி, உருப்படியான பதில் வந்தது 1 விழுக்காட்டுக்குத்தான்.

இத்தனைக்கும், காது கொடுத்தால் காரியம் நடக்கிறது. அல்ஜீரியாவின் ஹாசி மெசாவூத் எண்ணெய் வயலில் குறைந்தது 1999 முதல் ஒரு கசிவு இருந்தது. ஆண்டுக்கு 27,500 டன். எச்சரிக்கை போன பிறகு, 2024இல் அடைத்தார்கள். இருபத்தைந்து வருடக் கசிவு!

'மாடு விடாத மீத்தேனா?' என்று உடனே ஒருவர் வருவார். மாடும் நெல் வயலும் விடுவது உண்மைதான், குறைப்பதும் கடினம்தான். அதற்காகத் திறந்து கிடக்கிற வால்வை மூடாமல் இருப்பதா? 20 வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும் சரக்கு இது. காற்றில் தங்குவதோ சுமார் 12 வருடம்தான். இன்று அடைத்தால் பலனை நாமே பார்க்கலாம்.

செயற்கைக்கோள் இன்னும் பத்து ஏவட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரையும், பதில் வராமல் போன நாட்களின் எண்ணிக்கையையும் எல்லோரும் பார்க்கிற மாதிரி போடுங்கள்.