லைஃப் ஜாக்கெட் வாங்கப் போகிற அக்கா தங்கச்சிமாருக்கு

பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொள்கிற ஒரு தங்கச்சி போன வாரம் இன்பாக்ஸில் கேட்டாள்: "அக்கா, எஸ் வாங்கவா, எம் வாங்கவா?" இரண்டு வரியில் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை.

எனக்கு ஊர் முட்டம். தாத்தா கட்டுமரத்தில் பாய் விரித்துப் போனவர், அவர் மேலுக்குச் சட்டை போட்டே நான் பார்த்ததில்லை, இதில் ஜாக்கெட்டுக்கு எங்கே போக. நான் வேலைக்குப் போன சென்னையில்தான் ஓராள் ஓட்டும் சின்னப் பாய்ப்படகு பழகினேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் நேத்ரா குமணன் ஓட்டினாரே, அதே லேசர் ரேடியல். படகுதான் அதே வகை, ஓட்டம் இல்லை. பழகிய இடத்தில் கொடுத்த ஜாக்கெட் யாரோ ஆறடி ஆம்பளைக்குத் தைத்தது. முதல் தடவை கவிழ்ந்தபோது நான் கீழே போனேன், ஜாக்கெட் மேலே போனது. தோள் பட்டைகள் காதை அடைத்து, முன்பக்கம் தாடையில் முட்டி, கைக்குப் பக்கத்தில் கிடந்த கயிற்றைக்கூடக் குனிந்து பார்க்க முடியவில்லை. அடுத்த வாரம் மூச்சு முட்டுகிறதே என்று ஜிப்பைப் பாதி திறந்துவிட்டு ஓட்டினேன். இதைத்தான் நான் சொல்ல வருவது. உறுத்துகிற ஜாக்கெட்டை நாம் எப்படியும் தளர்த்திவிடுவோம், இல்லை கழற்றிப் படகில் போட்டுவிடுவோம்.

பெண்களுக்கென்று வெட்டின ஜாக்கெட் சும்மா ரோஸ் கலர் அடித்த வியாபாரம் என்று நானும் நினைத்திருந்தேன். சில கம்பெனி அப்படித்தான் செய்கிறது, அது வேறு கதை. நல்லதில் நெஞ்சுப் பக்கத்து ஃபோம் ஒரே பலகையாக இருக்காது, துண்டு துண்டாக, வளைந்து கொடுக்கிற மாதிரி இருக்கும். உயரம் குட்டையாக, கைக்குழி அகலமாக இருக்கும். குட்டை ஏன் என்றால், படகில் நாம் நிற்பதில்லை, உட்காருகிறோம். நீளமான ஜாக்கெட் உட்கார்ந்ததும் தொடையில் இடித்து மேலே ஏறும். அதனால் கடையில் கண்ணாடி முன்னால் நின்று பார்க்காதீர்கள், தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பாய்க்கயிற்றை இழுப்பது போல இரண்டு கையையும் வீசிப் பாருங்கள். அக்குள் உரசினால் வேண்டாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

நெஞ்சளவைத் தண்ணீரில் போடும் உள்ளாடை, ரேஷ்கார்டோடு (தோல் உரசாமல் இருக்கப் போடுகிற ஒட்டின மேல்சட்டை) எடுங்கள். பட்டைகளை முதலில் இடுப்பில், அப்புறம் பக்கவாட்டில், கடைசியில் தோளில் இறுக்க வேண்டும். பிறகு ஒருவரைப் பின்னால் நின்று தோள் பட்டையில் கட்டைவிரல் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை வந்தால் அது உங்களுடையது இல்லை. எங்கள் மைனி தூக்கிய தூக்கில் நானே எழும்பிவிட்டேன், "இது பாஸ் மக்ளே" என்றாள். மறுநாள் மணக்குடி காயலில் நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கி, காலை மடக்கி மிதந்தும் பார்த்தேன், வாய் தண்ணீருக்கு மேலேயே நின்றது.

ஜிப் முன்னாலா பக்கவாட்டிலா? எனக்குப் பக்கவாட்டு ஜிப். முன்பக்கம் வழுவழுப்பாக இருப்பதால் கயிறு மாட்டாது, கவிழ்ந்த படகில் வயிற்றால் ஏறும்போதும் உறுத்தாது.

சின்ன உடம்புதானே என்று பிள்ளைகள் சைஸ் வாங்காதீர்கள். எடை குறைந்தவர்களுக்கானதில் மிதப்பு விசையும் குறைவாக இருக்கும், உள்ளே தைத்த சீட்டில் எத்தனை கிலோ எடைக்கு என்று பாருங்கள்.

இன்னொன்று, நான் இவ்வளவு நேரம் சொன்னது 50 நியூட்டன் ரகம், நியூட்டன் என்பது மிதப்பு விசையின் அளவு. 50 என்றால் சுமார் 5 கிலோ எடைக்குச் சமமான விசையில் உங்களை மேலே தள்ளும், நீச்சல் தெரிந்து, கரையோ துணைப்படகோ பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது போதும். ஆனால் மயங்கினால் முகத்தை மேலே திருப்பிப் போடாது. குளச்சலில் இருந்து ஆழ்கடலுக்குப் போகிற வள்ளத்தில் ஏறுகிறவர்கள் இதை நம்பிப் போகக் கூடாது, அவர்களுக்கு 150 நியூட்டன் லைஃப் ஜாக்கெட்தான்.

வாங்கிய பிறகு அதை மெத்தையாகப் போட்டு உட்காராதீர்கள், ஃபோம் நசுங்கிவிடும். உப்பு போக நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். நிறம் கேட்டிருந்தாய் தங்கச்சி, ஆரஞ்சு இல்லை மஞ்சள். நீலம் அழகுதான், கச்சான், அதாவது மேற்குக் காற்று, அடிக்கிற கடலில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.