ஒன்பது மணிக்குத் தெர்மாகோல்

ராத்திரி ஒன்பது மணிக்கு, வாயில் தோசையை வைத்துக்கொண்டே பையன் சொல்கிறான்: "அம்மா, நாளைக்கு சூரியக் குடும்பம் செஞ்சு எடுத்துட்டுப் போகணும்." எப்போடா சொன்னாங்க என்றால், "போன வாரம்." படிப்பது மூன்றாம் வகுப்பு. பாதி ஷட்டர் இறக்கிவிட்ட ஸ்டேஷனரிக் கடைக்குள் குனிந்து எட்டிப் பார்க்கிறேன், நான் வாயைத் திறக்கும் முன்பே கடைக்காரர், "சூரியக் குடும்பமா மேடம்? இன்னைக்கு நீங்க ஆறாவது ஆள்" என்று தெர்மாகோலை எடுத்து நீட்டுகிறார்.

அப்புறம் என்ன, வீட்டுக்காரர் கத்தியை அடுப்பில் காட்டிக்காட்டி அறுக்க, நான் பெயிண்ட் அடித்து, சனிக்கு வளையமாக என் பழைய பிளாஸ்டிக் வளையல் ஒன்றை மாட்டி முடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. பத்து மணிக்கே தூங்கிப்போனவனுக்கு மறுநாள் ஏ பிளஸ்.

1, 2ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2020இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் கொண்டுவந்த பள்ளிப்பைக் கொள்கையும் அதையே சொல்லிவிட்டு, 3 முதல் 5 வரைக்கும் வாரத்துக்கு 2 மணி நேரம் போதும் என்கிறது. வாரத்துக்கு! எங்கள் வீட்டில் ஒரே ராத்திரியில் அதைத் தாண்டியாயிற்று, அதுவும் படிக்கிற பிள்ளை தூங்கும்போது.

அந்தப் பள்ளியைத் திட்டித்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன். ஆனால் நானும் டீச்சர்தானே. திண்டிவனம் பக்கம் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். போன வருஷம் பத்து வகை இலைகளை நோட்டில் ஒட்டி வரச் சொன்னேன். ஒரு பிள்ளையின் நோட்டைத் திறந்தால் பூவரசு, நுணா, முருங்கை எல்லாம் இருக்கிறது, கூடவே வரிசையாக எறும்பு. "கோந்து இல்ல டீச்சர், ஆயா சோத்துப் பருக்கை வச்சு ஒட்டச் சொன்னாங்க." அம்மாவும் அப்பாவும் செங்கல் சூளைக்குப் போய்விட, ஆயாவோடு இருக்கிற பிள்ளை. பத்துக்குப் பன்னிரண்டு இலை, ஒவ்வொன்றையும் தானே பறித்தது, எந்த இலை எந்த வேலி ஓரத்தில் என்று கேட்டால் கைகாட்டும். நான் சிவப்பு மையில் என்ன எழுதினேன் தெரியுமா? 'சுத்தம் தேவை.' பக்கத்துப் பிள்ளையின் நோட்டில் அக்கா கையெழுத்து பளிச்சென்று தெரிந்தும் 'மிக நன்று' போட்டேன்.

கையில் காசும் பக்கத்தில் படித்த ஆளும் இருக்கிற வீட்டுக்கு நாம் மார்க் போடுகிறோம், வேறொன்றுமில்லை. இந்த வருஷம் ஒட்டுவது, வெட்டுவது எல்லாம் வகுப்பிலேயே. கோந்து டப்பா என் மேசை மேல். தரையெல்லாம் குப்பை, பாடம் நாலு நாள் பின்தங்கித்தான் இருக்கிறது, சரி, போகட்டும்.

நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது அந்தச் சூரியக் குடும்பம் கையில் வந்தது. "இதுல சனி எதுடா?" என்று பையனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உன் வளையல் மாட்டியிருக்கே, அது" என்றான்.